ஒரு பரப்புக் காணி

1994 பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, வடமேற்கு இலண்டனில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சேற்று நிலத்தில், அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மறுமுனையுடன் அப்பா பின்பக்கமாக நடந்து போனார். அகலம் முப்பது அடி. நீளம் தொண்ணூறு அடியும் சொச்சமும். சிகரெட் பெட்டியின் அட்டையில் பெருக்கிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பெருக்கினார். "சரியா ஒரு பரப்படா" என்றார்.

நகரசபையின் கடிதத்தில் பத்து ரொட் என்று இருந்தது. ரொட், போல், பேர்ச் என்பவை ஒரே அளவின் மூன்று பெயர்கள் என்பதை அப்பா நூலகத்துக்குப் போய்த் தெரிந்துகொண்டு வந்திருந்தார். ஏக்கரில் நூற்றறுபதில் ஒரு பங்கு. இலங்கையில் இன்றும் காணி விற்பவர்களின் வாயில் வழங்குகிற பேர்ச் அதுதான். எங்கள் உறுதிகளில் 'வரகு' என்ற குறிப்போடு வரும் பரப்பு ஒரு காலத்தில் விதைப்பைக் கொண்டு அளந்த அளவு. பிறகு அது பத்துப் பேர்ச் என்று நிலைத்துவிட்டது. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஆக, ஒரு குடும்பத்துக்கு மரக்கறி விளைவிக்கப் போதும் என்று இங்கிலாந்துக்காரன் ஒதுக்கிய துண்டும், ஆயுள் முழுக்க வழக்காடப் போதும் என்று யாழ்ப்பாணத்தான் கருதிய துண்டும் ஒரே அளவு. அப்பாவுக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அதிகம் கண்டதில்லை. மண்ணைப் பார்க்கவே இல்லை; கணக்கில்தான் அவர் ஊர் திரும்பியிருந்தார்.

ஊரில் எங்களுக்கு ஏழு பரப்பு. வலிகாமம் வடக்கில், கட்டுவனிலிருந்து மயிலிட்டிக்குப் போகிற வீதியில் இறங்கும் ஒரு செம்மண் ஒழுங்கையில். காணியின் பெயர் நாவலடித்தறை. (யாழ்ப்பாணத்தில் பெயரில்லாத காணியை நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதைக் காட்டிலும் யோசித்து வைத்திருக்கிறார்கள்.) 1966இல் அம்மாவின் கலியாணத்தோடு எழுதப்பட்ட சீதன உறுதி அது. நான்கு எல்லைகளிலும் உள்ள உரித்தாளர்களின் பெயர், கிணற்றில் மூன்றிலொரு பங்கு, தண்ணீர் பாயும் வாய்க்காலில் வழியுரிமை எல்லாம் அந்த உறுதியில் இருக்கின்றன. நாங்கள் 1985இல் புறப்பட்டோம். அம்மம்மா வரமாட்டேன் என்று நின்றார். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபோது வலிகாமம் வடக்கு எழும்பி நடந்தது. அவரும் உறுதிகள் இருந்த தகரப் பெட்டியோடு நடந்தார். எங்கள் ஒழுங்கை உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் நடந்தபோது அதே பெட்டியோடு சாவகச்சேரிவரை இன்னொரு தடவை நடந்தார். பெட்டி இலண்டனுக்கு வந்து சேர்ந்தது 1997இல். அம்மம்மா வந்து சேரவில்லை.

இந்த நாட்டில் அலொட்மென்ற் என்பதை விளங்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சனங்கள் கேட்டால் நகரசபைகள் தோட்டத் துண்டு ஏற்படுத்திக் கொடுக்கவேண்டும் என்று 1908இல் ஒரு சட்டம் வந்தது. வருடத்துக்கு ஒரு சிறு வாடகை. எங்கள் வெளியில் ஏறக்குறைய அறுபது துண்டுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு இரும்புப் படலை, அதற்கு ஆளுக்கொரு திறப்பு. பொதுவாகத் தண்ணீர்த் தொட்டிகள். பசளையும் விதையும் விற்க ஞாயிறு காலை திறக்கும் ஒரு கொட்டில். வாடகையும் நியாயமும் பார்க்க ஒரு குழு. உலக யுத்தக் காலத்தில் அரசாங்கமே பூங்காக்களைக் கொத்திக் கிழங்கு வைக்கச் சொன்னது. பிறகு சூப்பர் மார்க்கெற் வந்தது, ஆட்கள் விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா கேட்டபோது வெளியின் காற்பங்கு காடு. எந்தத் துண்டு வேண்டும் என்று செயலாளர் அவரையே தெரியச் சொன்னார். அவர் நாற்பத்திமூன்றைத் தெரிந்தார், தொட்டி பக்கத்தில் என்ற ஒரே காரணத்துக்காக. துலா மிதித்தவனுக்குத் தண்ணீரின் தூரம்தான் காணியின் விலை.

1922இல் வந்த இன்னொரு சட்டம் இந்தத் தோட்டத்துக்கு ஒரு வரையறை சொல்லுகிறது. நாற்பது போலுக்கு மேற்படக்கூடாது. முழுவதுமோ பெரும்பகுதியோ வைத்திருப்பவரே பயிரிட வேண்டும். அவரும் அவருடைய குடும்பமும் உண்பதற்கான மரக்கறியோ பழமோ விளைய வேண்டும். குடும்பம் என்ற சொல் அந்த வரையறையில் உண்பவர்கள் என்ற இடத்தில் மாத்திரமே வருகிறது. உரித்தாளர்கள் என்ற இடத்தில் அது இல்லை. இதை நான் பல வருடங்களுக்குப் பிறகே வாசித்தேன். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் போட்ட தேசவழமையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குச் சொத்து என்றால் ஒன்றில் முதுசம், அல்லது சீதனம், அல்லது தேடிய தேட்டம். பக்கத்துக் காணிக்காரன் விற்றால் முதலில் எங்களைக் கேட்க வேண்டும் என்ற முற்கொள்வனவு உரிமை வேறு. நாற்பத்திமூன்று இதில் எதற்குள்ளும் அடங்காது. அங்கே குடும்பம் என்பது ஒரு சட்டிக் கறிக்குச் சுற்றி இருப்பவர்கள், அவ்வளவுதான்.

முதல் வருடம் அப்பாவை மிகவும் வருத்தியது வேலி இல்லாதது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் இரண்டடி நடைபாதை. அது இரண்டு பேருக்கும் பொது. வேலி போடக்கூடாது என்று விதி. அம்மாவின் ஐயா, நாங்கள் அப்பு என்று கூப்பிடுகிறவர், வேலி அடைத்தபோது ஒரு கதியாலைத் தள்ளி நட்டார் என்பதற்காகச் சொந்தத் தமையனோடு பதினொரு வருடம் மல்லாகம் கோட்டுக்கு நடந்தவர். செலவான காசுக்கு அந்தக் கீற்று நிலத்தைப் பத்துத் தடவை வாங்கியிருக்கலாம் என்று அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லாத அந்தப் பதினொரு வருடமும் கிணறு பொதுவாகவே இருந்தது. முறை வைத்து இறைத்தார்கள். முகம் பார்க்காமல் பட்டையைக் கைமாற்றினார்கள். கூட்டு வாழ்வு என்று புத்தகங்களில் எழுதப்படுவதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கிணறுதான் நினைவு வரும். அன்பு இருந்தால்தான் பொதுவில் ஒன்றை வைத்திருக்கலாம் என்பது தோட்டம் செய்யாதவர்களின் எண்ணம்.

அப்பாவின் மண்வெட்டிக் கதையையும் சொல்லியாக வேண்டும். இங்கே காலால் மிதித்து இறக்குகிற சவளும் முள்ளும்தான் கடைகளில் கிடைக்கும். குனிந்து இழுத்துக் கொத்துகிற எங்கள் மண்வெட்டியைத் தேடி அப்பா கடை கடையாக அலைந்தார். கடைசியில் கொழும்பிலிருந்து வந்த ஒருவரைக்கொண்டு இரும்புத் தகட்டை மாத்திரம் எடுப்பித்தார். பத்திரிகைத் தாளை விரித்துப் பார்த்தால் முதலை மார்க். வூல்வர்ஹம்ரனில், இங்கிருந்து கார் ஓடினால் அரைநாளில் போய் வரக்கூடிய ஊரில், காலனிகளுக்கென்று அடித்து அனுப்பிய சாமான். அளவும் இங்கிருந்து போனதுதான், ஆயுதமும் இங்கிருந்து போனதுதான். அப்பாவுக்கு இதில் முரண்நகை எதுவும் தென்படவில்லை. "நல்ல இரும்பு" என்றார்.

அந்த மண்வெட்டியோடு அவர் நாற்பத்திமூன்றில் குழை தாழ்த்தினார். ஊரில் பூவரசங்குழையும் கிளுவையும் வெட்டிச் சால் பிடித்துப் புதைப்பது போல, இங்கே கொம்ஃப்ரி என்ற சொரசொரப்பான இலையையும், வாய்க்கால் ஓரத்தில் மண்டியிருந்த, அவர் காஞ்சோண்டி என்று பெயர் சூட்டிய செடியையும் வெட்டிப் புதைத்தார். இலண்டன் களிமண் அதற்கு இணங்க நாலு வருடம் எடுத்தது. கோடையில் ஓடாகப் பிளக்கும், மாரியில் சப்பாத்தைப் பிடித்துக்கொள்ளும் மண். செம்மண் கையில் நிற்காமல் உதிரும். இது கையை விடாது. அப்பா பேசாத நாட்களில் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று நான் பின்னர் எழுதியிருக்கிறேன். இப்போது அது எனக்கு இலக்கியமாகவே படுகிறது. அவர் அநேகமாக இராவேலையின் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பார்.

ஏனென்றால் அவர் பெற்றோல் நிலையம் ஒன்றின் காசாளராக இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர். பகலில் தூங்கினார். கிழமையில் ஐந்து நாள் நாற்பத்திமூன்றில் நின்றது அம்மா. காலையில் நாங்கள் போனபின் இரண்டு பஸ் மாறிப் போய்த் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி, கீரை ஆய்ந்துகொண்டு நாலு மணிக்குத் திரும்பி வருவார். ஊரில் காணி அம்மாவின் பெயரில், பாடுபட்டது அப்பாவும் அப்புவும். இங்கே காணி அப்பாவின் பெயரில், பாடுபட்டது அம்மா. சனி ஞாயிறுகளில் அப்பா போய் நாலு பேர் பார்க்கக் கொத்துவார். கோடை கழியும்போது வெளியில் மரக்கறிப் போட்டி நடக்கும். ஒரு வருடம் எங்கள் பூசணிக்காய்க்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அட்டையில் அப்பாவின் பெயர். இதை நான் அன்று கவனித்தேன் என்று சொன்னால் பொய். அம்மாவும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த துண்டில் ஒரு ஜமேக்கா அம்மா இருந்தார். வந்த முதல் கோடையில் அவருடைய பாத்தியைப் பார்த்து அம்மா திகைத்து நின்றுவிட்டார். தளதளவென்று தண்டுக்கீரை. அந்த அம்மா "கலலூ" என்றார். அம்மா "கீரை" என்றார். இரண்டு பேரும் அதையே நாலைந்து தடவை மாறி மாறிச் சொன்னார்கள். இருபது வருடச் சிநேகிதத்துக்கு அந்த இரண்டு சொல்லும் போதுமாக இருந்தது. அவர் வெங்காயமும் தைம் இலையும் போட்டுச் சமைப்பார். அம்மா தேங்காய்ப்பூப் போட்டு வறுப்பார். அந்தக் கீரையின் ஒரு தண்டை விதைக்கு விட்டால் போதும், அடுத்த வைகாசியில் கேளாமலே முளைக்கும். உறைபனி முடிந்து மண் சூடேறும்வரை பொறுத்திருந்துவிட்டு ஒரே நாளில் சிவப்புப் புள்ளிகளாக எழும்பும். பாகல் கண்ணாடிக் கொட்டிலுக்குள் ஒரு கோடை காய்த்தது, மறு கோடை காய்க்கவில்லை. முருங்கை மூன்று தடவை செத்தது. கீரை மாத்திரம் ஒருவரையும் கேட்காமல் வந்தது.

அப்பாவின் பெருமை கிழங்கு. 1970க்கும் 1977க்கும் நடுவில், வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் கிழங்கும் வராமல் அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது, வலிகாமத்துத் தோட்டக்காரர்கள் தலை நிமிர்ந்தார்கள். அப்பு அந்தக் காசில்தான் துலாவை விட்டு வாட்டர் பம்ப் வாங்கினார், கிணற்றடிக்குச் சீமெந்து போட்டார். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்டதோடு அது முடிந்தது. அந்த நாட்களில் ஒல்லாந்திலிருந்து மரப்பெட்டியில் விதைக்கிழங்கு வரும். டெசிரே. சிவந்த தோல். பெட்டி வந்தால் எங்களைத் தொடவிட மாட்டார்கள். முளை உடையும் என்று அப்பு காவல் இருப்பார். அலொட்மென்ற் கொட்டிலில் ஒரு மாசி மாதம் அதே பெயர் எழுதிய பையைக் கண்டு அப்பா மூன்று பை வாங்கி வந்தார். முட்டைத் தட்டுகளில் அடுக்கி, முளைப்பதற்காக எங்கள் ஃபிளாற்றின் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு மாசியும் எங்கள் வீட்டில் திரைச்சீலை மூட முடியாது.

இனிச் சொல்லப்போவதை எழுதவே இத்தனையையும் எழுதினேன் போலிருக்கிறது.

2009 சித்திரையில் நான் பாராளுமன்றச் சதுக்கத்தில் இருந்தேன். ஏப்ரல் 6ஆம் திகதி வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தில் சனம் இருந்த நாளிலிருந்து வேலைக்கு ஒழுங்காகப் போகவில்லை. வன்னியிலிருந்து வருகிற செய்தி ஒவ்வொரு மணிக்கும் மோசமாகிக்கொண்டிருந்தது. 10ஆம் திகதி பெரிய வெள்ளி. இந்த நாட்டுத் தோட்டக்காரர் பலருக்கு அது கிழங்கு வைக்கிற நாள். உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்தபோது அப்பா முட்டைத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் இறக்கிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு படிவம் இருந்தது. துண்டு வைத்திருப்பவர்கள் தங்களோடு சேர்ந்து செய்கிற இன்னொருவரின் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று குழு அனுப்பியிருந்தது. பதிந்தவருக்கே பிறகு அந்தத் துண்டைக் கேட்கிற உரிமை. "ஒரு கையெழுத்து வைச்சுவிட்டுப் போ" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அங்க சனம் செத்துக்கொண்டிருக்குது. நீங்கள் கிழங்கு வைக்கப் போறியள். எனக்கென்னத்துக்கு உந்தச் சேறு?"

அப்பா கோபப்படவில்லை. "முளைச்சிட்டுது. இனி வைச்சிருக்கேலாது" என்று மாத்திரம் சொன்னார். கிழங்கைத்தான் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் அவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். படிவம் மேசையிலேயே கிடந்தது. அம்மாவின் பெயரை அதில் எழுதியிருக்கலாம். அது அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஐந்து நாள் வேலை செய்கிறவரின் பெயரை எழுதாமல் ஒரு நாளும் வராதவனிடம் கையெழுத்துக் கேட்டது அந்த வீட்டில் ஒருவருக்கும் அதிசயமாகப் படவில்லை.

அந்த வைகாசிக்குப் பிறகு நான் கவிதைகள் எழுதினேன். எங்களில் அநேகர் எழுதினோம். மண், வேர், கிணறு, நாவல். சிலவற்றை இப்போது வாசிக்கும்போது கைகள் சுத்தமாக இருப்பவன் எழுதியது என்று தெரிகிறது. மண்ணை எங்கள் கவிதை ஒரு பெயர்ச்சொல்லாகவே வைத்திருந்தது. அதற்கு எரு போடவேண்டும், அது புளிக்கும், இறுகும் என்ற செய்தி அதற்குள் வரவே இல்லை. அந்த ஆடியில் அப்பா கொண்டுவந்த கிழங்கை நான் தின்னவில்லை என்று சொல்லவும் முடியாது. தின்றேன். 1922ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் அந்தக் குடும்பத்தவன்தான்.

2013இல் வலயத்துக்குள் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தல் ஒட்டியது. அப்பா தகரப் பெட்டியைத் திறந்து உறுதியின் பிரதிகளை எடுத்து யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணிக்கு அனுப்பினார். அம்மாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்தக் காணிக்கு அவர்தானே சொந்தக்காரி. அம்மா தோட்டத்தால் வந்து கை கழுவாமலே கையெழுத்து வைத்தார். பிரதியின் ஓரத்தில் இலண்டன் களிமண்ணின் ரேகை ஒன்று பதிந்துபோனது. அப்பா அதற்கு ஏசினார்.

அப்பா 2016 புரட்டாதியில் இறந்தார். எட்டுக் கழிந்த மறுநாள் நான் செயலாளருக்குத் தொலைபேசினேன். நல்ல மனிதர். உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் உடன்படிக்கை இறந்தவரோடு முடிகிறது. கூட்டாகப் பதிந்தவர் இல்லை. காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது. 1994இல் காடாகக் கிடந்த வெளிக்கு இப்போது வருடக்கணக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். வருட முடிவுவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருபத்திரண்டு வருடம் அம்மா அங்கே நின்றது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிவது ஒன்று, கடதாசியில் இருப்பது ஒன்று. எங்கள் ஊரில் வளர்ந்த எவரும் இதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் திரிந்தேன். சொன்னபோது, "லீக்ஸ் மார்கழிக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். அவ்வளவுதான். மார்கழி முடிய முதல்நாள் நான் காரோடு போனேன். கொட்டிலைக் கூட்டித் துப்பரவாக்கியிருந்தார். பூவாளிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். குதிரை எரு இரண்டு மூட்டை பிரிக்காமல் கிடந்தது. அதையும் ஏற்றவா என்று கேட்டேன். "எரு எங்களோட வாறதில்லை. அது காணியோட" என்றார். மண்வெட்டியை மாத்திரம் ஏற்றினோம்.

நாற்பத்திமூன்று ஒரு இளம் தம்பதிக்குப் போயிற்று. 2017 ஆனியில் அந்தப் பெண் எங்கள் இலக்கத்தை எப்படியோ தேடிப் பிடித்து எடுத்தாள். பாத்தி முழுவதும் சிவப்பாக ஏதோ முளைத்திருக்கிறது, களையா? நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அன்று தொடங்கி ஒவ்வொரு சனியும் அவர் அங்கே போனார். அந்தப் பெண் கார் கொண்டுவந்து ஏற்றிப் போவாள். போய்க் கதிரையில் இருந்துகொண்டு, எதை எங்கே வைக்கவேண்டும் என்று கையால் காட்டுவார். ஜமேக்கா அம்மா பக்கத்துத் துண்டிலிருந்து அதை ஆங்கிலத்தில் சொல்லுவார். திரும்பும்போது மடியில் ஒரு கட்டுக் கீரை.

2018இல் எங்கள் ஒழுங்கைப் பக்கம் விடப்பட்டது. நான் தனியே போனேன். உறுதியின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நாவலடித்தறையைத் தேடினேன். நாவல் இல்லை. வீடு இல்லை. கிணறு இருந்த இடத்தில் வீடு கிடந்தது. இடித்த சுவர்களை அதற்குள் தள்ளியிருந்தார்கள். மார்பளவு பார்த்தீனியம். இருபத்தெட்டு வருடம் ஒருவரும் கொத்தாத செம்மண் அதற்குக் கீழே உதிராமல், தரை போல் இருந்தது. வேலி என்று எதுவும் எந்தப் பக்கமும் இல்லை. அப்பு பதினொரு வருடம் வழக்காடிய அந்தக் கதியால், அதன் அண்ணன் தம்பிமார், எல்லாம் ஒரே பற்றை. நான் அழுவேன் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் எவ்வளவு தூரம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நில அளவையாளர் வந்து கல்லு நாட்டினார். அப்புவின் தமையனின் பேரன், ரொறன்ரோவில் இருப்பவர், வடக்கு எல்லை இரண்டடி தள்ளி வந்திருக்கிறது என்று ஆட்சேபம் அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனைக்கும் பிறகு இரண்டடியா, விட்டுவிடுவோம் என்று அம்மாவிடம் சொன்னேன். நாற்பத்திமூன்றை ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்த மனிசி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொப்பர் இருந்தா இப்பிடிக் கதைப்பியே? ஓரங்குலம் விடாதை. உறுதியில இருக்கிறதை அளக்கச் சொல்லு." அளந்தார்கள். உறுதி அம்மாவின் பக்கம் இருந்தது. இப்போது அங்கே ஒருவர் குத்தகைக்கு வெங்காயம் செய்கிறார். கிணற்றை இறைத்துத் துப்பரவாக்கியது அவர்; மூன்று பங்குக்கும் அவரே செலவழித்தார். ரொறன்ரோவுக்கும் தண்ணீர் உண்டு.

என் மகள் தன் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது. தாத்தா செத்த கிழமையே கொடுத்திருக்கிறாள். அப்போது அவளுக்கு இருபது வயது. 2021இல் அழைப்பு வந்தது. ஆட்கள் அதிகம் என்பதால் துண்டுகளை இரண்டாக வெட்டியிருந்தார்கள். அரைப் பரப்பு. வெளியின் மறுகோடி, தொட்டிக்குத் தூரம், இரண்டு பக்கத்தில் நிழல். படிவத்தை என்னிடம் கொண்டுவந்து, கூட்டாளி என்ற இடத்தில் அப்பம்மாவின் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது என்று கேட்டாள். கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, பென்சன் கடிதத்தில் இன்னொரு மாதிரி. அம்மா தகரப் பெட்டியிலிருந்து உறுதியை எடுத்துப் போட்டார். "இதில இருக்கிற மாதிரி எழுது." உறுதி தமிழில் இருந்தது. கடைசியில் கடவுச்சீட்டைப் பார்த்தே எழுதினோம்.

டெசிரே வைத்திருக்கிறோம். முட்டைத் தட்டுகள் இப்போது என் வீட்டு ஜன்னலில். முதல் இரண்டு வருடமும் அரைப் பரப்பில் ஒன்றும் சரிவரவில்லை. களிமண் முதலிலிருந்து தொடங்குகிறது. மகளுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது, எனக்கும் மறந்துபோயிற்று. முதுகு நோகிறது. அம்மா எண்பது வயதில் கதிரையைக் கொண்டுவரச் சொல்லி, நடைபாதையில் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

போன சனிக்கிழமை அவர் கதிரையில் இல்லை. பக்கத்து அரைத்துண்டுக்காரன் தன் பாத்திக்குப் புதிதாகப் பலகை அடித்திருந்தான். அம்மா அதன் ஓரமாக, ஒரு குதிக்காலின் முன்னே மறு குதிக்காலை வைத்து மெதுவாக நடந்துகொண்டிருந்தார். மூலைக்குப் போய்ச் சேர்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"உள்ளுக்கு ஒரு சாண் வந்திருக்கிறான். அடுத்த முறை வரேக்க நாடாவைக் கொண்டு வா."